குமுளி ஜீப் ஸ்டாண்டுல முகம் எடுக்குறது எப்படி? ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமான விளக்கம்

அடுத்த கேள்வி கம்பத்துல இருந்து. படிச்சிடுறேன். "அண்ணே, காலையில ஏலத்தோட்டத்து வேலைக்கு ஜீப் ஏறுறவங்க, குமுளி பார்டர்ல பழம் விக்கிறவங்க, இவங்க முகத்தை இயல்பா எடுக்கணும்னு ஆசை. கேக்காம எடுத்தா முதுகும் பாதி காதும்தான் சிக்குது. கேட்டு எடுத்தா ரேஷன் கார்டு போட்டோ மாதிரி விறைச்சு நிக்கிறாங்க. கையில கேமராவோட வந்த 18-55 கிட் லென்ஸ்தான் இருக்கு. தூரத்தை இழுத்துக் காட்டுற 70-300 லென்ஸ் வாங்கினா சரியாயிடுமா? கேக்காம எடுக்குறது சட்டப்படி தப்பா? கருப்பு வெள்ளையில போடலாமா?"

70-300 வேண்டாம் தம்பி. காசு மிச்சம், அதை முதல்ல சொல்லிடுறேன்.

ஏன்னு சொல்றேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு 200 எம்எம்ல அந்தப் பக்கத்து ஆளை எடுக்குறீங்கன்னு வைங்க. நடுவுல பஸ் போகும், ஆட்டோ போகும், சுமை தூக்குறவர் போவார். கை நடுக்கம் தெரியாம இருக்க 1/500 செகண்டாவது வேணும். அந்த லென்ஸ் அந்த நீளத்துல எஃப் 5.6 பக்கம்தான் திறக்கும், உள்ள வர்ற வெளிச்சம் கம்மி. விடியக்காலை வெளிச்சத்துல ஐஎஸ்ஓ, அதாவது கம்மி வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக் காட்டுற அளவு, 12800ஐ எட்டிடும், முகத்துல இருக்குற சுருக்கம், வியர்வை எல்லாம் குழைஞ்சு மாவு பிசைஞ்ச மாதிரி ஆயிடும். இன்னொண்ணு, அது செக்போஸ்ட் இருக்குற எடம். தூரத்துல நின்னு நீளமான குழாயைத் தூக்குற ஆளை யாருக்குமே பிடிக்காது. பக்கத்துல நிக்கிற ஆளை விட ஒளிஞ்சு நிக்கிற ஆள் மேலதான் சந்தேகம் வரும்.

உங்க கிட் லென்ஸே போதும். 23, 24 எம்எம் பக்கம் வச்சு, அபர்ச்சர், அதாவது லென்ஸோட திறப்பு, எஃப் 8. இரண்டரை மீட்டர்ல ஃபோகஸ் வச்சீங்கன்னா, ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவுல (18-55 கிட் லென்ஸோட வர்றது பெரும்பாலும் இந்த அளவு சென்சார்தான்) சுமார் 1.4 மீட்டர்ல இருந்து 10 மீட்டர் வரைக்கும் தெளிவா வரும். அதே லென்ஸை 55க்குத் தள்ளி, அதே எஃப் 8, அதே இரண்டரை மீட்டர்னா தெளிவு கிடைக்கிறது 2.2ல இருந்து 2.9 வரைக்கும்தான். ஆள் ஒரு எட்டு முன்னால வச்சாப் போச்சு. அதனாலதான் பக்கத்துல போய் அகலமா எடுக்கச் சொல்றது.

கிட் லென்ஸ்ல தூரம் போட்ட அளவுகோல் இருக்காது. அதுக்கு என்ன செய்யணும்னா, மூணு எட்டு தள்ளி இருக்குற ஒரு தூணையோ கடைப் பலகையையோ ஆட்டோ ஃபோகஸ்ல பிடிங்க. சாதாரண நடையில மூணு எட்டுன்னா ரெண்டேகால், இரண்டரை மீட்டர் வரும். பிடிச்சதும் மேனுவலுக்கு மாத்திடுங்க, வளையத்தைத் தொடாதீங்க. ஒரு எச்சரிக்கை: இப்ப வர்ற மிர்ரர்லெஸ் லென்ஸ் நிறையதுல, கேமரா தூங்கி எழுந்தா வச்ச ஃபோகஸ் மறந்துடும். "எல்லாமே மங்கலா வருது"ன்னு புலம்புறவங்கள்ல பாதிப் பேருக்கு இதுதான் காரணம். தூங்குற நேரத்தை மெனுவுல நீட்டி வைங்க, அப்பப்ப தூணைப் பாத்து சரி பண்ணுங்க.

ஷட்டர், நடக்குறவங்களுக்கு 1/250, பக்கத்துல குறுக்கே நடந்தா 1/500. ஐஎஸ்ஓ ஆட்டோவுல விட்டு உச்சவரம்பு 6400. பீப் சத்தத்தை அணைங்க. அதைவிட அவசியம், ஃபோகஸுக்கு உதவுற அந்த ஆரஞ்சு லைட்டை அணைங்க. இருட்டுல அது நேரா முகத்துல அடிக்கும், அப்புறம் என்ன இயல்பு?

இப்ப விறைச்சு நிக்கிற விஷயத்துக்கு வருவோம். நீங்க எடத்தையும் ஆளையும் ஒரே நேரத்துல தேடுறீங்க. எடத்தை முதல்ல முடிவு பண்ணுங்க. ஜீப் ஸ்டாண்டுல பின்னணி சுத்தமா இருக்குற, வெளிச்சம் பக்கவாட்டுல விழுற மூலை ஒண்ணு கட்டாயம் இருக்கும். டீக்கடைத் தகரத்தோட விளிம்பு நல்ல எடம். தகரத்துக்கு அடியில ஒரு அடி உள்ள தள்ளி, முகம் வெளியே பாத்தமாதிரி ஆள் நின்னா, கண்ணுக்குழி கறுக்காது. உச்சி வெயில் கூட அங்க ஒண்ணும் செய்யாது. அங்க ஒரு டீயை வாங்கிட்டு இருபது நிமிஷம் நில்லுங்க. கேமரா கழுத்துல வெளிப்படையாத் தொங்கட்டும், பையில ஒளிக்காதீங்க. முதல் அஞ்சு நிமிஷம் எல்லாரும் பாப்பாங்க. அப்புறம் அவங்கவங்க தூக்குவாளி, டிக்கெட், ஜீப்புல எடம் பிடிக்கிற கவலை. இருபதாவது நிமிஷம் நீங்களும் அந்த போஸ்ட் கம்பமும் ஒண்ணு.

கேமராவைக் கண்ணுக்குத் தூக்குறதுதான் காட்டிக் கொடுக்கும். ஸ்க்ரீனை மேல பாத்தமாதிரி மடிச்சு, வயித்துக்கு நேரா வச்சு எடுங்க. சிகாகோவுல குழந்தைகளைப் பாத்துக்குற வேலையில இருந்துக்கிட்டே தெருவெல்லாம் படம் எடுத்த விவியன் மேயர், மேலிருந்து குனிஞ்சு பாக்குற ரோலைஃபிளெக்ஸ்தான் ரொம்ப காலம் வச்சிருந்தார். ஆனா கீழ இருந்து எடுக்குறப்ப மூக்குத் துவாரமும் தாடையும் பெருசாத் தெரியும், நெஞ்சு உயரத்துக்குக் கீழ எறக்காதீங்க. தரையில உக்காந்து பூ, கொய்யா விக்கிறவங்கன்னா தலைகீழ் கணக்கு. நின்னபடி எடுத்தா வகிடுதான் விழும். குத்தவச்சு உக்காருங்க, அவங்க கண் உயரத்துக்கு வாங்க.

கேட்டு எடுக்குறதையும் ஒதுக்காதீங்க. என்னைக் கேட்டா உங்களுக்கு அதுதான் சரியான வழி. கேளுங்க, அவங்க விறைச்சு நிக்கட்டும், அந்தப் படத்தையும் எடுங்க, ஸ்க்ரீன்ல காட்டுங்க. சிரிப்பாங்க, "கருப்பா விழுந்திருக்கேன்"னு சலிச்சுக்குவாங்க. எல்லாரும் அந்த இடத்துல கிளம்பிடுறாங்க, தப்பு அங்கதான். கேமராவை எறக்கிட்டு அங்கேயே நில்லுங்க. இன்னைக்குக் காய் எடுப்பா, களை எடுப்பான்னு பேச்சுக் கொடுங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல அவங்க வேலைக்குத் திரும்பிடுவாங்க, துண்டை உதறித் தலையில கட்டுவாங்க, பக்கத்துல இருக்குறவங்ககிட்ட திரும்பி ஏதோ சொல்லுவாங்க. நீங்க தேடுற முகம் அப்பதான் வரும், அனுமதியும் ஏற்கெனவே கையில இருக்கு.

கேக்குற மொழியும் முக்கியம். ஜீப் ஏறுறவங்க பெரும்பாலும் நம்ம பக்கத்து ஆளுங்க, கூடலூர், கம்பம், சுத்துப்பட்டு ஊர்க்காரங்க. "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?", வயசானவங்கன்னா "ஆத்தா". பார்டரைத் தாண்டி தேக்கடி ரோட்டு மசாலாக் கடைப் பக்கம் போனா "சேச்சி, ஒரு போட்டோ எடுத்தோட்டே?", "சேட்டா". உச்சரிப்பு தப்பானாலும் பரவாயில்ல, கேட்ட மரியாதைக்கு மதிப்பு இருக்கு. "வேணாம்பா"ன்னாலும் "வேண்டா"ன்னாலும் ஒரே அர்த்தம். ரெண்டாந்தடவை கேக்காதீங்க.

வெளிச்சத்துல உங்க ஊருக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு, நிறையப் பேருக்கு அது தெரியல. கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லை மலை. காலையில சூரியன் மலையைத் தாண்டி வர நேரமாகும், சாயங்காலம் நேரத்தோட மலைக்குப் பின்னால போயிடும். ஆனா வானம் வெளுப்பாத்தான் இருக்கும். அந்த இடைவெளியில ஊர் முழுக்க நிழல் வெளிச்சம், முகத்துல கடுமையே இருக்காது. பஞ்சாங்கத்துல போட்ட சூரிய அஸ்தமனத்துக்குக் காத்திருந்தீங்கன்னா லேட்டு.

விடியறதுக்கு முந்தி ஜீப் ஸ்டாண்டுல எல்இடி பல்பு வெளிச்சம்தான். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி செகண்டுக்கு 100 தடவை துடிக்கும். 1/500 வச்சு, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்ல எடுத்தா படத்துல பட்டை பட்டையா கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 வைங்க. ஆள் நடந்தா கலங்கும்தான், அதனால அந்த நேரத்துல ஜீப்புக்குள்ள உக்காந்திருக்குறவங்க, கம்பியைப் பிடிச்சுக் காத்து நிக்கிறவங்கன்னு பாத்து எடுங்க.

அடுத்தது உடுப்பு. கேமரா எதைப் பாத்தாலும் சராசரிச் சாம்பலாக்கப் பாக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைக்காரரை எடுத்தா வெள்ளையைக் குறைக்கிறேன்னு முகத்தையும் சேத்து இருட்டாக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங், +0.7 கொடுங்க. கார்த்திகை, மார்கழியில ஐயப்பசாமிமார் கறுப்பு வேட்டியில கூட்டமா வருவாங்க இல்லையா, அங்க நேர்மாறு. கறுப்பைப் பாத்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், நெத்திச் சந்தனமும் விபூதியும் வெந்து வெளுத்துடும். மைனஸ் 0.7. சாமிமார் பொதுவா கேமராவுக்குக் கூசுறதில்ல, பழகிக்க நல்ல சீசன். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஜீப் போறப்பவும் அப்படித்தான். அது புலிகள் காப்பகத்துக்குள்ள, அன்னைக்கு வனத்துறை சொல்றதை மீறாதீங்க. வழியெல்லாம் புழுதி பறக்கும், லென்ஸ் மாத்துற வேலையும் வேண்டாம்.

சந்தையில நீலத் தார்ப்பாய் பெரிய சனியன். வெயில் தார்ப்பாயில ஊடுருவி முகத்துல விழுந்தா தோல் செத்த நிறமா ஆயிடும். திராட்சைப் பந்தலுக்கு அடியில இதே தொல்லை பச்சையில வரும். பந்தல்ல முழுக்கப் பச்சைன்னா, ஒரு வெள்ளைத் தாளை அந்த வெளிச்சத்துலயே பிடிச்சு கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை எதுன்னு கேமராவுக்குக் காட்டிக் கொடுக்குற செட்டிங்) எடுத்தா பெரும்பகுதி சரியாகும். சந்தையில அது உதவாது, ஏன்னா ஒரு கன்னத்துல நீலம், இன்னொரு கன்னத்துல வெயில். ஒண்ணைச் சரி பண்ணா மத்தது மஞ்சளாகும். ஆளை நகரச் சொல்ல முடியாது, நீங்க நகருங்க. தார்ப்பாய் வெளிச்சம் படாத கன்னம் எந்தப் பக்கம்னு பாத்து அங்க நில்லுங்க.

சட்டம். பொது இடத்துல ஒருத்தரைப் படம் எடுக்கவே கூடாதுன்னு நம்ம நாட்டுல பொதுவான சட்டம் கிடையாது. ஆனா 2017 ஆகஸ்ட்ல, புட்டசாமி வழக்குல, உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமைன்னு சொல்லிடுச்சு. எடுக்குறது வேற, அதை விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ போடுறது வேற. ரெண்டாவதுக்குக் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் வாங்குங்க. 2024 ஜூலை 1ல இருந்து நடப்புல இருக்குற பாரதிய நியாய சன்ஹிதாவுல 77ஆம் பிரிவு, பழைய ஐபிசியில 354சி, பெண்களை அந்தரங்கமான நிலையில பாக்குறதையும் படம் எடுக்குறதையும் குற்றம்னு சொல்லுது. சுருளி அருவியில குளிக்கிறவங்க பக்கம் கேமராவைத் திருப்பவே திருப்பாதீங்க, அது பொது இடம்தானேன்னு வாதம் பண்ண வேண்டாம். குழந்தைன்னா பெத்தவங்களைக் கேட்டுட்டுத்தான். செக்போஸ்ட், போலீஸ், முல்லைப் பெரியாறு அணை, இது மூணும் உங்க வேலை இல்ல. குடிச்சு விழுந்து கிடக்குறவரை எடுக்குறதுக்குச் சட்டம் தேட வேண்டியதில்ல, அது அசிங்கம்.

யாராவது அழிக்கச் சொன்னா வாக்குவாதம் வேண்டாம், அவங்க கண் முன்னால அழிங்க. மொபைல்னா ட்ராஷ்ல இருந்தும் அழிச்சுக் காட்டணும், ஏன்னா அங்க ஒரு மாசம் கிடக்கும்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். மொபைல்ல எடுக்குறவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். சாதா 1x லென்ஸை முகத்துக்குப் பக்கத்துல கொண்டு போனா மூக்கு பெருத்துடும், 2x வச்சு ரெண்டு எட்டு பின்னால வாங்க. போர்ட்ரெய்ட் மோட் மல்லிப்பூவையும் கலைஞ்ச முடியையும் தின்னுடும், தெருவுல அது வேண்டாம். பியூட்டி ஃபில்டரை அணைச்சாச்சான்னு ஒருதடவை பாத்துக்குங்க.

கருப்பு வெள்ளை? தார்ப்பாய் நீலத்துல மாட்டுன படத்துக்கு அது நல்ல மருந்து. மத்தபடி ஜீப் ஸ்டாண்டுப் படங்கள்ல கலரை விடாதீங்க, தலைத்துண்டும் சேலைக்கு மேல போட்ட பழைய சட்டையும் கலர்லதான் பேசும். மாத்துறதா இருந்தா, எடிட்டிங்ல ஆரஞ்சு ஸ்லைடர்தான் நம்ம தோலோட சாவி. கூட்டினா முகம் வெளுக்கும், குறைச்சா கறுத்து மச்சம், சுருக்கம் எல்லாம் தூக்கலாத் தெரியும். கண்ணும் கன்னமும் பிரிஞ்சு தெரியுற அளவுக்கு ஒரு 10, 15 கூட்டுங்க. 40, 50ன்னு இழுத்தீங்கன்னா தோல் திட்டுத் திட்டாப் பிரிஞ்சு, மலைவெயில்ல கறுத்த முகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடும். அந்த அக்காவுக்கே அது யாருன்னு தெரியாது.