மூச்சு முட்டும் பாக்டீரியாக்கள்

நேயர்களுக்கு வணக்கம். பெட்ரோல் கசிந்து கெட்டுப்போன நிலத்தடி நீரை மோட்டார் ஓட்டாமல், பெரிய செலவில்லாமல் சுத்தம் செய்ய முடியுமா? முடியும். ஆனால் பொறுமை வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற நச்சுப் பொருள், குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெட்ரோலில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே லிட்டர் பெட்ரோலில் இருக்கும் பென்சீன், 7 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். புதைத்த தொட்டியில் ஊசித் துளை விழுந்தாலும் நான் பதறுவது இதனால்தான்.

சரி, இதைத் தின்ன ஆள் உண்டா? உண்டு. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்கள். பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கி ஊற்ற வேண்டியதே இல்லை. சாப்பாடு கொட்டிக் கிடக்கிறது, மூச்சுதான் போதவில்லை. 1 மில்லிகிராம் பென்சீனை முழுதாகத் தின்ன 3 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பதோ எட்டு, ஒன்பது மில்லிகிராம்தான். மூன்று வாய் சாப்பிட்டதும் மூச்சு முட்டிவிடும்.

அப்புறம்? இங்கேதான் எனக்குப் பிடித்த கதை. ஓரிடத்தில் சோதனைக் கிணறுகளில் நீர் எடுக்கப் போயிருந்தேன். கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் குழாயை இறக்கித் தூக்கினால், முதல் கிணற்றில் தண்ணீருக்கு மேல் விரற்கடை அளவு பெட்ரோல் மிதக்கிறது. சற்றுத் தள்ளியிருந்த அடுத்த கிணற்றில் மிதப்பது ஒன்றுமில்லை; ஆனால் அழுகிய முட்டை நாற்றம். இடத்துக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயா, இதுவும் போச்சா?" என்றார். எனக்கோ கைதட்டலாம் போலிருந்தது! ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் நைட்ரேட், இரும்பு, சல்பேட் என்று கிடைத்ததை வைத்துச் சுவாசிக்கும். சல்பேட்டைச் சுவாசித்தவை விடும் மூச்சுதான் அந்த நாற்றம். வேலை நடக்கிறது என்று அர்த்தம். குடிக்கலாம் என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேசாமல் மோட்டார் போட்டு இறைத்துவிடலாமே?" என்றார். இறைக்கலாம். ஆனால் மண் துகள்களின் இடுக்கில் ஒட்டிய பெட்ரோல் அங்கேயே இருக்கும். மோட்டாரை நிறுத்தினால் சில மாதத்தில் பழையபடி கரைந்து வரும்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில், பெமிட்ஜி அருகே, 1979இல் கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்தது. 1983 முதல் ஆய்வாளர்கள் அங்கே மண்ணையும் நீரையும் சோதித்து வருகிறார்கள். நிலத்தடி நீர் ஓடும் வேகத்தில் மாசு பரவவில்லை. பாக்டீரியாக்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன.

ஆகவே முதலில் கசிவை அடைத்துவிடுங்கள், மிதப்பதை வழித்தெடுங்கள். பிறகு மூச்சு கொடுங்கள், மூச்சு. மெக்னீசியம் பெராக்சைடைத் துணி உறையில் கட்டிக் கிணற்றில் தொங்கவிட்டால், மின்சாரமே இல்லாமல் மாதக்கணக்கில் ஆக்சிஜன் கசியும். சல்பேட் குறைந்த இடத்தில், சல்பேட் தரும் ஜிப்சம் உதவும். பக்கத்தில் குடிநீர்க் கிணறு இருந்தால் மட்டும் இப்படிக் காத்திருக்காதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். காற்றழுத்தம் ஏறும்போது திறந்து மண்ணுக்குள் காற்றை விடும் ஒருவழி வால்வு, வேரால் நீரை உறிஞ்சும் பாப்லர் மரங்கள், பாக்டீரியாக்கள் லேசில் தொடாத எம்டிபிஇ என்ற பெட்ரோல் சேர்க்கைப் பொருள்... மூன்றும் குறிப்பிலேயே நிற்கின்றன. வணக்கம்.