எஞ்சினை மாற்றுவதா, ரிங் போடுவதா? என் மாருதி 800 கதை

வணக்கம் உறவுகளே. பின்னால் கேட்கிற சத்தம் மழைதான். கொட்டகலையில் காலையிலிருந்து விடவில்லை, தகரத்துக்குக் கீழே நின்றுதான் பேசுகிறேன். போன வீடியோவில் நம் மாருதி 800 ஒயில் எரிந்து வரும் நீலப் புகையை விடுவதைக் காட்டினேன் அல்லவா? அதற்கு என்ன செய்தேன் என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

முதலில் பார்த்த மெக்கானிக் பாஸ் பொனட்டைத் திறந்து ஒரு நிமிடம் கேட்டார். "தம்பி, எஞ்சின் முடிஞ்சிருச்சு. கொழும்புல பஞ்சிகாவத்தையில ஒண்ணு எடுத்துப் போட்டுருங்க" என்றார். கையில் இருந்தது அம்மா சீட்டு எடுத்த காசு மட்டும். அதை முழுதாகக் கொடுத்தாலும் எஞ்சின் விலைக்கும், அதை லொறியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவரும் கூலிக்கும் காணாது. விலையை நான் சொல்லப்போவதில்லை, நீங்கள் இந்த வீடியோ பார்க்கும்போது அது மாறியிருக்கும்.

இன்னொரு பயமும் இருந்தது. அங்கே விற்கும் ரீகண்டிஷன் எஞ்சின் என்றால் யாரோ பிரித்துப் புதுப்பித்தது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறோம். பெரும்பாலும் வேறொரு வாகனத்தில் ஓடியதைக் கழற்றி, வெளியே கழுவி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். உள்ளே ரிங், அதாவது பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடைவெளியை அடைக்கும் வளையம், எப்படி இருக்கிறது என்று விற்கிறவருக்கும் தெரியாது. அப்புறம் எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்த வேண்டும். அந்த அலைச்சலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, அளந்து பார்ப்போம் என்று சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் காம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் போனேன். இது மூன்று சிலிண்டர், 796 சிசி. எஞ்சினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தோம். முதலாவது 130, இரண்டாவது 85, மூன்றாவது 125. பிஎஸ்ஐ கணக்கு.

மலைநாட்டில் இருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். நுவரெலியா 1,868 மீட்டர், அங்கே கடல் மட்டத்தை விட அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் 150 காட்டும் எஞ்சின் அங்கே 120 அளவில்தான் நிற்கும். புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்த்து "போச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். எனக்கு இரண்டாவதுதான் நோயாளி.

அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பச் சுற்றினோம். 85 இருந்தது 120க்கு ஏறியது. ஒயில் இடைவெளியை அடைத்ததால் ஏறுகிறது, ஆகவே தேய்ந்தது ரிங் பக்கம். ஏறாமல் நின்றிருந்தால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகப்பட்டிருப்போம்.

புகையும் கொஞ்சம் கதை சொல்லும். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போது கியரிலேயே காலை எடுத்துவிட்டு வருவோம் அல்லவா? அப்போது எஞ்சின் உள்ளே பலமாக உறிஞ்சும், காய்ந்துபோன வால்வ் சீல் வழியாக ஒயில் இறங்கும். கீழே வந்து மிதித்ததும் குபீரென்று புகைக்கும். அது மட்டும்தான் என்றால் சீல் மாற்றினால் போதும். ஏறும்போதும் விடாமல் புகைத்தால் ரிங். என்னுடையது இரண்டும் செய்தது!

ஹெட்டைக் கழற்றியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தர்மோஸ்டாட்டே இல்லை. சூடாகாமல் இருக்கட்டும் என்று எப்போதோ ஒருவர் கழற்றி எறிந்திருக்கிறார். நம் குளிரில் அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிவிடும், ரிங் வறண்டு தேயும். அது போதாதென்று தோட்டத்து ரோட்டுத் தூசி. ஏர் ஃபில்டர் இருந்த நிலையைக் காட்ட எனக்கே வெட்கம்.

சிலிண்டரை லேத் பட்டறையில் அளந்தோம். குடைந்து பெரிதாக்கும் (போர் பண்ணும்) அளவுக்குத் தேயவில்லை, அது என் அதிர்ஷ்டம். தேய்ந்திருந்தால் ஓவர்சைஸ் பிஸ்டன் வேண்டும், பட்ஜெட் அங்கேயே கவிழ்ந்திருக்கும். சிலிண்டரின் மேல் விளிம்பில் விழுந்திருந்த மேட்டை எடுத்து, சுவரை மெல்லத் தேய்த்து ஹோன் பண்ணி, புது ரிங், வால்வ் சீல், கேஸ்கட் செட், டைமிங் பெல்ட் போட்டோம். மேட்டை எடுக்காமல் விட்டால் புது ரிங் அதில் இடித்து உடையும். பேரிங்கைப் பார்த்தோம், நன்றாக இருந்தது, பழையதையே விட்டோம். தர்மோஸ்டாட் புதிது. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கழற்றிப் பூட்டும் வேலையில் பாதியை நானும் கூட நின்று செய்ததால் கூலியும் குறைந்தது.

புது ரிங் போட்டதும் நிறுத்திவைத்து உறுமவிடக்கூடாது. தலவாக்கலை ரோட்டில் ஏற்றத்தில் கொஞ்சம் மிதித்து, இறக்கத்தில் கியரில் விட்டு, மாற்றி மாற்றி ஓட்டினேன். பாரம் ஏறினால்தான் ரிங் சுவரோடு படியும். முதல் 500 கிலோமீட்டரில் ஒயிலை மாற்றினேன்.

நேற்று கேஜ் வைத்தோம்: 138, 132, 136. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது இப்போதும் வெள்ளையாகக் கொஞ்சம் வரும், அது நீராவி, சூடானதும் போய்விடும். மழை விட்டதும் சைலன்சருக்குப் பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்துக் காட்டுகிறேன், இருங்கள்.