அம்புக்குறிகளுக்குப் பின்னால்: இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகள்

அவையோருக்கு என் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரின் பெருஞ்சமர்களைப் பற்றிப் பேசுவோர் வரைபடம் ஒன்றை விரித்து, சிவப்பு அம்புக்குறி இந்தப் பக்கம் பாய்ந்தது, நீல அம்புக்குறி அந்தப் பக்கம் மடங்கியது என்று விளக்குவது வழக்கம். பள்ளிப் பருவத்தில் நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் ஒவ்வோர் அம்புக்குறிக்கும் பின்னால் மாவு மூட்டையும் எண்ணெய்ப் பீப்பாயும் வெடிகுண்டுப் பெட்டியும் மருந்தும் சுமந்து ஒரு நீண்ட வரிசை வந்துகொண்டிருந்தது. அந்த வரிசை அறுந்த இடத்தில்தான் அம்புக்குறி மடங்கியது. படையோடு கூழையும் சேர்த்தே எண்ணிய மரபில் வந்தவர்கள் நாம். அந்தக் கண்ணோடு இன்று மிட்வே, ஸ்டாலின்கிராட், இம்பால்–கோகிமா ஆகிய மூன்று களங்களைப் பார்க்க விழைகிறேன். குர்ஸ்க்கும் நார்மண்டியும் இவற்றுக்குக் குறைந்தவை அல்ல. ஒரு மாலைப்பொழுதில் அடங்கமாட்டா என்பதால் அவற்றை விடுகிறேன்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள சிறு தீவான மிட்வேயைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1941 டிசம்பர் 7 அன்று ஹவாயில் அமெரிக்கக் கடற்படை நின்ற பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய ஜப்பானிய விமானங்கள் போர்க்கப்பல்களைக் கவிழ்த்தன. ஆனால் கரையில் நின்ற எண்ணெய்க் கிடங்குகளையும் கப்பல் பழுதுபார்க்கும் துறையையும் அவை தொடவில்லை. அதன் விலை ஆறே மாதத்தில் தெரிந்தது. பவளக்கடல் போரில் அடிபட்டுத் திரும்பிய யார்க்டவுன் என்ற விமானந்தாங்கிக் கப்பலை, அதே துறையின் தொழிலாளர்கள் இரவுபகலாக உழைத்து ஏறத்தாழ மூன்றே நாளில் கடலுக்கு அனுப்பினார்கள். ஜப்பானியரின் இரகசியக் குறியீட்டை உடைத்துப் படித்திருந்த அமெரிக்கர்கள் எங்கே காத்திருக்க வேண்டும் என்பதை முன்னரே அறிந்திருந்தனர். 1942 ஜூன் 4 அன்று அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு என்னும் நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிகள் ஒரே நாளில் அழிவுக்குள்ளாயின. இறுதியில் யார்க்டவுனும் மூழ்கியது. எனினும் அது தன் வேலையை முடித்துவிட்டே மூழ்கியது.

இனி சோவியத் நாட்டில் வோல்கா நதிக்கரையில் இருந்த ஸ்டாலின்கிராட். அந்த நகரத்தின் பெயருக்காகவே இரு சர்வாதிகாரிகளும் மோதிக்கொண்டார்கள் என்று சொல்வதுண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் 1942 ஜூன் 28 அன்று ஜெர்மானியப் படை தெற்கு நோக்கிப் புறப்பட்டதன் நோக்கம் காக்கசஸ் மலைப்பகுதியின் எண்ணெய். மைகோப், குரோஸ்னி, பாக்கு ஆகிய ஊர்களின் கிணறுகள் கிடைக்காவிட்டால் நீண்ட போரை நடத்த முடியாது என்பது ஹிட்லருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்திருந்தும் அவர் படையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை எண்ணெய்க்கும் மற்றொன்றை வோல்கா நதிக்கும் ஒரே சமயத்தில் ஏவினார். ஆகஸ்டில் மைகோப்பை அடைந்தவர்கள் கண்டது நாசமாக்கப்பட்ட கிணறுகளையே. மற்றொரு பிரிவான பவுலஸின் ஆறாவது படை ஆகஸ்ட் 23 அன்று நகரின் வடபுறத்தில் வோல்காவைத் தொட்டது. அன்றே விமானக் குண்டுவீச்சில் நகரம் எரிந்தது.

அதன்பின் நடந்த தெருச்சண்டையைப் பலரும் அறிவீர்கள். தொழிற்கூடம் தொழிற்கூடமாக, மாடிப்படி மாடிப்படியாகச் சண்டை நடந்தது. சோவியத் தளபதி சூய்க்கோவின் 62ஆவது படை ஆற்றங்கரையில் சில நூறு மீட்டர் அகலமுள்ள நிலத்துண்டுகளைப் பற்றிக்கொண்டு நின்றது. அந்தப் படையை உயிரோடு வைத்திருந்தவர்கள் இரவில் வோல்காவைக் கடந்த படகோட்டிகள். போகும்போது ஆட்களும் தோட்டாவும், திரும்பும்போது காயம்பட்டவர்கள். நவம்பரில் பனிக்கட்டிகள் மிதந்து வந்து படகுகளை நிறுத்தியபோது அந்தப் படை பட்ட துன்பம் எந்த ஜெர்மானியத் தாக்குதலுக்கும் குறைந்ததன்று என்றே நான் கருதுகிறேன்.

நவம்பர் 19 அன்று சோவியத் படைகள் நகரத்துக்குள் அன்றி, நகரத்திலிருந்து வெகு தொலைவில், ஜெர்மானியருக்குப் பக்கக் காவலாக நின்ற ருமேனியப் படைகளின் மேல் பாய்ந்தன. தக்க பீரங்கிகளின்றி மிக நீண்ட எல்லையைக் காக்கும்படி விடப்பட்டிருந்த அவர்களைக் கோழைகள் என்று பிற்காலத்தில் எழுதியது அநீதி. நான்கு நாளில் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள் நகருக்கு மேற்கே கலாச் என்ற ஊருக்கு அருகே கைகோத்தனர். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே அகப்பட்டனர்.

இங்கேதான் கணக்கு தொடங்குகிறது. அகப்பட்ட படைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் பொருளாவது வேண்டும். விமானத்தில் கொடுத்துவிடலாம் என்று ஜெர்மானிய விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்களித்தார். உண்மையில் போய்ச் சேர்ந்தது சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 டன். டிசம்பர் 24 அன்று விமானங்கள் புறப்படும் தத்சின்ஸ்காயா தளத்துக்குள்ளேயே சோவியத் டாங்கிகள் புகுந்தன. உள்ளே இருந்தவர்கள் தங்கள் குதிரைகளை அறுத்துத் தின்றார்கள். 1943 பிப்ரவரி 2 அன்று எஞ்சியோரும் சரணடைந்தபோது பிடிபட்டவர் சுமார் 91,000 பேர். அவர்களுள் தாயகம் திரும்பியவர் ஏறத்தாழ 5,000 பேரே. 1942இன் அதே அக்டோபர், நவம்பர் மாதங்களில் எகிப்தின் எல் அலமைனில் ஜெர்மானியத் தளபதி ரோமெலின் டாங்கிகளும் எண்ணெயின்றியே தவித்தன. அவருக்கு வந்துகொண்டிருந்த எண்ணெய்க் கப்பல்கள் லிபியாவின் டோப்ருக் துறைமுகத்துக்கு அருகே மூழ்கடிக்கப்பட்டிருந்தன.

வடகிழக்கு இந்தியாவின் இம்பாலும் கோகிமாவும் நமக்கு அருகில் இருந்தும் நாம் குறைவாகப் பேசும் களங்கள். 1944 மார்ச்சில் முத்தகுச்சியின் தலைமையில் மூன்று ஜப்பானிய டிவிஷன்கள் பர்மாவிலிருந்து சிந்த்வின் என்ற ஆற்றைக் கடந்து வந்தன. வீரர்களின் முதுகில் ஏறத்தாழ மூன்று வார உணவு. அதற்குள் இம்பாலின் பிரிட்டிஷ் கிடங்குகளைக் கைப்பற்றி அவற்றைக் கொண்டே உண்பது திட்டம். உடன் ஓட்டி வந்த மாட்டு மந்தைகளில் பல ஆற்றிலேயே போயின, பல மலைச்சரிவுகளில் விழுந்தன. கோகிமாவில் துணை ஆணையரின் பங்களாவை ஒட்டிய டென்னிஸ் மைதானத்தின் இரு ஓரங்களிலும் இரு படைகளும் பதுங்குகுழி வெட்டி, கையெறிகுண்டு எறியும் தூரத்தில் நாள்கணக்கில் நின்றன.

சாலை துண்டிக்கப்பட்ட இம்பாலில் பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் என்ன செய்தார் என்பதை ஸ்டாலின்கிராட்டோடு ஒப்பிட வேண்டும். பர்மாவின் கடலோரப் பகுதியான அரக்கானில் போரிட்டுக்கொண்டிருந்த 5ஆவது இந்திய டிவிஷன் பீரங்கிகளோடும் கோவேறு கழுதைகளோடும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது. உண்ணும் வாய்களைக் குறைப்பதற்காகப் போரிடாத பல்லாயிரம் பேர் திரும்பும் விமானங்களில் வெளியே அனுப்பப்பட்டனர். சமவெளிக்குள்ளேயே விமானத்தளங்கள் இருந்தன. வானமும் நேச நாடுகளின் கையில் இருந்தது. கோரிங் வாய்ச்சொல்லாகக் கொடுத்ததை இங்கே கணக்குப் போட்டுச் செய்தார்கள். மலைமேல் நின்ற படைகளுக்குச் சுமை தூக்கியும் வழிகாட்டியும் உதவிய நாகா மக்களையும் இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். மறுபுறம், 31ஆவது ஜப்பானிய டிவிஷனின் தளபதி சத்தோ, தம் வீரர்களுக்கு அரிசியோ தோட்டாவோ வரவில்லை என்று மீண்டும் மீண்டும் முறையிட்டுவிட்டு, மேலதிகாரியின் ஆணையை மீறி மே இறுதியில் பின்வாங்கத் தொடங்கினார். ஜூன் 22 அன்று கோகிமா–இம்பால் சாலை திறந்தது. மழையில், பசியிலும் வயிற்றுப்போக்கிலும் மலேரியாவிலும் திரும்பி நடந்தவர்களுள் பெருந்தொகையினர் பாதையோரத்திலேயே இறந்தார்கள். அவர்களோடு வந்த இந்திய தேசிய இராணுவத்தினரும் அதே பசியையே பகிர்ந்தனர்.

ஜப்பானியருக்குப் பர்மாவுக்குச் சரக்கு அனுப்ப மலாக்கா நீரிணை வழியாக ரங்கூன் செல்லும் கடல்வழி இருந்தது. நேச நாடுகளின் நீர்மூழ்கிகளால் அது ஆபத்தானதாகவே, 1942இல் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தொடங்கினார்கள். நம்மவர் சயாம் மரண ரயில் என்று அழைப்பது அதைத்தான். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில், நல்ல கூலி என்ற பொய்யாலும் பின்னர் வலுக்கட்டாயத்தாலும் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். காலராவும் பட்டினியும் அடியும் அவர்களைத் தின்றன. 1943 அக்டோபர் 17 அன்று தண்டவாளங்கள் ஒன்றுசேர்ந்தன. ஐந்து மாதத்தில் முத்தகுச்சி இந்திய எல்லைக்குள் வந்தார். அவ்வளவு உயிரைக் கொடுத்துப் போட்ட பாதை, விமானக் குண்டுகளால் பாலங்கள் சிதைய, எண்ணிய அளவுக்குச் சரக்கு சுமக்கவே இல்லை.

அந்தப் பாதையில் சுமார் 60,000 போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக, மலர்ச்செடிகளோடு பேணப்படுகின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் எனக் கைதிகளைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் அங்கே மாண்ட தொழிலாளர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு கல் இல்லை. அவர்களுடைய பெயர்களை அன்று எவரும் முறையாக எழுதி வைக்கவில்லை.