விளக்கு அணைந்தால் வால்வு மூடியதாகுமா?

(சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, தாய்மார்களே, செம்பனை ஆலையில் வேலை முடித்து நேரே வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் மலேசியாவில் அணுமின் நிலையம் கிடையாது. சிலாங்கூரின் பாங்கி நகரில் 1982 முதல் இயங்குவது 1 மெகாவாட் அணு ஆய்வு உலை. அது மின்சாரம் தருவதில்லை. ஆனால் அணுமின்சாரப் பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. கூடவே, "செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும், பயம் வேண்டாம்" என்ற சமாதானமும் வருகிறது. அந்தச் சமாதானத்தை உரசிப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

1979 மார்ச் 28, விடியற்காலை 4 மணி. அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது; உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறியது. கட்டுப்பாட்டு அறையிலோ அதற்குரிய விளக்கு அணைந்துவிட்டது. அந்த விளக்குக்குத் தெரிந்தது, மூடும்படி கட்டளை போனது மட்டுமே. நூற்றுக்கும் மேற்பட்ட அபாய மணிகள் ஒரே சமயத்தில் அலறின. அவற்றைப் பதிவு செய்த அச்சுப்பொறி மணிக்கணக்கில் பின்தங்கியது. ஒரு கலத்தில் நீர்மட்டம் ஏறிக் காட்டியதைப் பார்த்து, உலையில் போதிய நீர் இருக்கிறது என்று நம்பி, உலைக்குப் போய்க்கொண்டிருந்த அவசரத் தண்ணீரைக் குறைத்தார்கள். பாய்லர் பார்க்கும் அண்ணன்மார்களுக்கு இதைக் கேட்டதுமே வயிறு கலங்கும். உலையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியது.

அன்று அங்கே செயற்கை நுண்ணறிவு இருந்திருந்தால்? விளக்கை மட்டும் நம்பியிருந்தால் அதுவும் ஏமாந்திருக்கும், மனிதனைவிட வேகமாக. ஆனால் வால்வுக்கு அப்பால் உள்ள குழாயின் வெப்பம் உயர்ந்தே இருந்தது. "ஏற்கெனவே கசியும் வால்வுதானே" என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். விளக்கு ஒன்று சொல்கிறது, குழாய் வேறொன்று சொல்கிறது என்று அந்த முரணை உலையை இயக்குபவரின் கண்முன் வைக்கட்டும். எந்த மணி முதலில் அடித்தது என்று பிரித்துக் காட்டட்டும். இந்தத் துணையிடம் நான் எதிர்பார்ப்பது அவ்வளவே. முடிவெடுப்பது உரிமம் பெற்ற மனிதரின் வேலை.

கலிபோர்னியாவின் டயப்லோ கேன்யன் அணுமின் நிலையம் 2024இல் அறிவித்த செயற்கை நுண்ணறிவுக் கருவியும் ஆவணங்களைத் தேடித் தருவதற்குத்தான்; உலையைத் தொடுவதற்கு அல்ல. 2019இல் தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில், கணினியைத் தாக்கும் தீநிரல் புகுந்தது. கட்டுப்பாட்டு அமைப்பு தனியே இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றார்கள். அந்தச் சுவரை நுண்ணறிவின் பெயரால் இடிக்கக் கூடாது. தகவல் வெளியே வரலாம், கட்டளை உள்ளே போகக் கூடாது. என்றாவது இங்கே டெண்டர் விட்டால், இந்த நிபந்தனை அதில் உண்டா என்று நம் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேளுங்கள், சாலைக் குழிக்காக அவரைக் கேட்கிறீர்களே, அதே குரலில்.