குறுக்கு வலிக்குத் தலையில எதுக்குங்க கரண்ட்?

[காட்சி: பவானி. ஜமக்காளத் தறி, குழிக்குள் இறங்கி ஏறும் கால்கள்]

வணக்கமுங்க. எங்க அம்முச்சி முப்பது வருசம் இந்தத் தறிக்குழியில கால் போட்டு உக்காந்தவங்க. தறியை விட்டுப் பத்து வருசமாச்சு, குறுக்கு வலி விடல. ஸ்கேன்ல பெருசா ஒண்ணுமில்லைன்னாங்க. மாமா, "எல்லாம் உங்க நெனப்புதானுங்கம்மா"ன்னாரு. அன்னைக்கு ராத்திரி அம்முச்சி சோறு திங்கல.

வலி நெசமுங்க. ஆனா அது குறுக்குல மட்டும் இல்ல.

[படம்: தண்டுவடம்]

முட்டி இடிச்சா, கை தானா போய்த் தேய்க்குதில்லீங்களா? 1965-ல மெல்சாக், வால்னு வலியை ஆராய்ஞ்ச ரெண்டு பேரு அதுக்கு ஒரு விளக்கம் சொன்னாங்க. தண்டுவடத்துல ஒரு கதவு இருக்கற மாதிரி. தொடு உணர்ச்சியைக் கொண்டுபோற நரம்பு தடிமன், வேகமும் அதிகம். மந்தமான வலியைக் கொண்டுபோறது மெல்லிசு, நொடிக்கு ரெண்டு மீட்டர் போனாலே பெருசு. தடிச்ச நரம்பைத் தூண்டிக்கிட்டே இருந்தா, மெல்லிசு நரம்புக்குக் கதவு பாதி சாத்திக்குது. பிசியோதெரபிக்குப் போயி "கரண்ட் வெச்சுட்டு வந்தேன்"ங்கறோமே, அந்த டென்ஸ் மெஷின் செய்யற வேலை இதுதான்.

பேடை எடுத்தா? கொஞ்ச நேரத்துல வலி திரும்பிருது. ஏன்னா, வருசக்கணக்கா வலிச்ச உடம்புல மூளையும் மாறிப்போகுது. ஒருக்கா திருடன் வந்துட்டுப் போன தோட்டத்துல, தென்னை மட்டை விழுந்தாலும் நாய் குலைக்குமே, அப்படி.

[படம்: தலையில் ஸ்பாஞ்சு]

அதனாலதான் தலையில ரெண்டாவது கரண்ட். உப்புத்தண்ணியில நனைச்ச ஸ்பாஞ்சு ரெண்டு. ஒண்ணு, மூளையில நம்ம அசைவைப் பார்த்துக்கற பகுதிக்கு நேர் மேல, இன்னொண்ணு நெத்தியில. 1, 2 மில்லி ஆம்பியர், 20 நிமிசம். ஷாக் ட்ரீட்மெண்டுன்னு பயந்துக்காதீங்க, அதுல போறது நூத்துக்கணக்கான மில்லி ஆம்பியர். இது மூளை செல்லை எளக்கி வைக்குது, அவ்வளவுதான். அந்தப் பகுதியில இருந்து, வலியை அடக்கற மூளையோட சொந்த வழிகளுக்கும் தொடர்பு இருக்குது.

காஞ்ச மண்ணுல ஏர் எறங்குமா? ஒரு தண்ணி பாய்ச்சிட்டு ஓட்டுவோம். தலையில வைக்கறது அந்தத் தண்ணி. குறுக்குல வைக்கறது ஏரு. மூளை எளகியிருக்கற நேரத்துல குறுக்குல இருந்து புது சேதி போகணும்ங்கறதுதான் யோசனை.

2014-ல ஆஸ்திரேலியாவுல குறுக்கு வலிக்காரங்க 16 பேருக்கு இதைச் செஞ்சு பார்த்தாங்க. ரெண்டும் சேர்த்து, ஒவ்வொண்ணும் தனியா, சும்மா வெச்ச மாதிரி காட்டி, இப்படி நாலு விதம். சேர்த்து வெச்சப்பதான் நல்லாக் கொறைஞ்சுது. ஆனா 16 பேருங்கறது ரொம்பக் கம்மிங்க. வலிக்குத் தலையில கரண்ட் வெச்சுப் பார்த்த மத்த ஆய்வுகளும் ஒரே மாதிரி வரல. அதனால இதை நான் மருந்துன்னு சொல்லமாட்டேன்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். 9 வோல்ட் பேட்டரியில ஒயரைக் கட்டி வீட்டுல யாரும் தலையில வைக்காதீங்க, தோல் வெந்துரும். பேஸ்மேக்கர், வலிப்பு, தலைக்குள்ள உலோகம், கர்ப்பம், இதுல எது இருந்தாலும் டென்ஸ் வைக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்டச் சொல்லிருங்க.

[காட்சி: வாசல், வேப்ப மரம்]

அம்முச்சிக்கு இப்ப குறுக்குல கரண்ட் மட்டுந்தான். அது ஓடறப்பவே நடக்கச் சொன்னாங்க பிசியோதெரபி அம்மிணி. மெஷினை இடுப்புல சொருகிக்கிட்டு, வேப்ப மரம் வரைக்கும் போயிட்டு வர்றாங்க.