மலையில் திணறும் பழைய கார்: கார்பரேட்டரைக் கழற்றும் முன்

[காட்சி: ஊட்டி, விடியற்காலை. பனி படிந்த கண்ணாடியுடன் ஒரு பழைய மாருதி 800. சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும் சத்தம்.]

வணக்கம். இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஆனால் சீராக ஓடவில்லை. ஸ்டியரிங் நடுங்குகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது, கியர் போட்டு நகர்த்தினால் இழுவையே இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் முதலில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டர் மேல்தான் கை வைக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். போன மழைக்காலத்தில் இதே வண்டிக்கு ஒரு பட்டறையில் கார்பரேட்டர் கிட் மாற்றினோம். பணம் போனது, மிஸ் அடிப்பது, அதாவது ஒரு சிலிண்டர் விட்டு விட்டு வேலை செய்வது, நிற்கவில்லை. உண்மையான குறை, ஸ்பார்க்குக்கான கரண்டை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் இருந்த மயிரிழை விரிசல்.

[காட்சி: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வளைவுகள்.]

முதலில் மலையைப் புரிந்துகொள்வோம். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஊட்டியில் இல்லை. காற்று நீர்த்துப் போகிறது; ஆனால் கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டுக்கு அது தெரியாது. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. அதனால் பெட்ரோல் மிகுந்த கலவைதான் என்ஜினுக்குள் போகிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் ‘ரிச்’ என்பார்கள். கொஞ்சம் இழுவை குறைவது மலையின் இயல்பு, அது பழுது அல்ல. ஆனால் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு வேலை செய்வது பழுதுதான்.

இரண்டையும் பிரித்துச் சொல்ல, சிலிண்டருக்குள் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைவிட நல்ல சாட்சி கிடையாது.

[காட்சி: மூன்று பிளக்குகள், வெள்ளைத் துணியில் வரிசையாக.]

என்ஜின் ஆறிய பிறகு மூன்றையும் கழற்றி, எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று மாறாமல் வையுங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி உலர்ந்த கரி என்றால் கலவைதான் ரிச். அப்போதும் கார்பரேட்டரைத் தொடாதீர்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சோக், அதாவது குளிரில் ஸ்டார்ட் ஆவதற்காகக் காற்றைக் குறைக்கும் தகடு. இங்கே தினமும் காலையில் சோக் இழுக்கிறோம், ஈரத்தில் அதன் கேபிள் துருப்பிடிக்கிறது. குமிழை உள்ளே தள்ளிவிட்டோம் என்று நினைப்போம். கார்பரேட்டர் வாயில் சோக் தகடு பாதி மூடியபடியே நிற்கும். கேபிளில் நாலு சொட்டு எண்ணெய் விட்டதும் சரியான வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு பிளக் மட்டும் கறுத்து, பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்த சிலிண்டருக்கு ஸ்பார்க் சரியாகப் போகவில்லை. மாருதி 800-இல் இருப்பதே மூன்று சிலிண்டர். ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். குலுக்கல் அவ்வளவு மோசமாக இருப்பது அதனால்தான். பிளக்கில் எண்ணெய்ப் பசை இருந்தால் என்ஜினுக்குள் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானம். அதற்குக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்க்க வேண்டும், டியூனிங்கால் தீராது.

ஸ்பார்க் குறையைக் கண்டுபிடிக்க நம் ஊர் மூடுபனியே உதவும்.

[காட்சி: இரவு. பானெட் திறந்திருக்கிறது, விளக்கு அணைகிறது.]

இருட்டில் வண்டியை ஓடவிட்டு, கையை உள்ளே நீட்டாமல் பாருங்கள். பிளக் வயரிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் மெல்லிய நீலப் பொறி ஓடினால் கரண்ட் அங்கே கசிகிறது. மூடியைத் துடைத்து ஒப்பேற்றலாம்தான், ஆனால் விரிசல் விட்ட மூடி அடுத்த மூடுபனிக்கு மறுபடியும் காலை வாரும். மூடி, அதற்குள் சுழலும் ரோட்டர், வயர் மூன்றையும் மாற்றுங்கள். பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகக் கரண்டை விட்டு விட்டு வெட்டும் சுவிட்ச்) உள்ள வண்டி என்றால் பாயிண்ட்டையும் கண்டென்சரையும் பாருங்கள். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்.

அடுத்து வேக்கம் ஓஸ், அதாவது என்ஜினின் உறிஞ்சு சக்தியைக் கடத்தும் ரப்பர் குழாய். பிளக் வெளுத்து, ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) மட்டும் ஏறி இறங்கினால் எங்கோ காற்று புகுகிறது. கலவை என்ஜினுக்குள் போகும் குழாயான மேனிஃபோல்டின் இணைப்பில் கொஞ்சம் தண்ணீரைத் தெளியுங்கள். ஐடில் மாறும் இடத்தில் ஓட்டை. சூடான என்ஜினில் பெட்ரோலையோ கிளீனரையோ அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். அவற்றையும் அழுத்திப் பாருங்கள்.

என்ஜினின் உறிஞ்சு சக்தியைப் பாதரச இஞ்சில் அளக்கும் வேக்கம் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சமவெளியில் 18 முதல் 21 இஞ்ச் காட்டும் நல்ல என்ஜின் ஊட்டியில் 11 முதல் 14-தான் காட்டும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஓர் இஞ்ச் குறையும். இது தெரியாமல் மெக்கானிக் என்ஜினைக் கழற்றி இறக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

[காட்சி: ஸ்க்ரூடிரைவர், கார்பரேட்டரின் மிக்சர் ஸ்க்ரூ.]

இவை எல்லாம் சரியான பிறகுதான் இந்த ஸ்க்ரூ. என்ஜின் நன்றாகச் சூடேறட்டும். முதலில் எத்தனை சுற்றில் இருக்கிறது என்று மெதுவாக மூடி எண்ணி, எழுதி வையுங்கள். பழைய இடத்துக்குத் திருப்பி, ஐடில் மிகச் சீராகும் இடம் வரை கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். இந்த ஸ்க்ரூ ஐடிலை மட்டுமே மாற்றும். ஓட்டத்தில் உள்ள கலவை மெயின் ஜெட்டைப் பொறுத்தது. மலைக்கென்று சிறிய ஜெட் போட்டாலோ, டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, முன்னே தள்ளினாலோ, கோவைக்கு இறங்கும் முன் பழையபடி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சமவெளியின் கனமான காற்றில் என்ஜின் நாக் அடிக்கும், அதாவது உள்ளே தட்டும் சத்தம் வரும்.

[காட்சி: தொட்டபெட்டா சந்திப்பு நோக்கி ஏறும் சாலை.]

இப்போது ஒரு நல்ல ஏற்றத்தில் ஓட்டுங்கள். பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, ஐடிலில் விடாமல் உடனே அணையுங்கள். என்ஜின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மூன்றும் பால் டீயின் நிறத்தில் இருந்தால், பானெட்டை மூடலாம்.