அட்டையில் கார்ட்டர் பெயரைக் காணோம்!

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் கையில் இருப்பது ரொம்ப நாளாகத் தேடிய புத்தகம். கிரேயின் உடற்கூறு நூல் 1858-இல் லண்டனில் வந்தது இல்லையா, அந்த முதல் பதிப்பை அப்படியே எடுத்துப் போட்ட மறுபதிப்பு இது. பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் ஆன்லைனில் வாங்கினேன். 1,150 ரூபாய் சொன்னார், 900-க்குப் பேசி முடித்தேன்.

முதலில் பார்சல் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. இவ்வளவு கனமான கெட்டி அட்டைப் புத்தகத்தை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரில் போட்டு, டேப் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அட்டைப்பெட்டி கிடையாது, பழைய பேப்பர்கூடச் சுற்றவில்லை. கீழ் மூலை நசுங்கி, அட்டை ஏடு ஏடாகப் பிரிந்து வந்து சேர்ந்தது. இதற்குக் கூரியர் செலவு தனியாக 240 ரூபாய்! 240 ரூபாய் வாங்குகிறவர்கள் ஒரு பெட்டியில் வைத்து அனுப்ப மாட்டார்களா?

ஆனால் இப்போது அந்த மூலையைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். எங்கே நசுங்கியது என்று கண்டுபிடிக்க முடிகிறதா? என் பைண்டிங் வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடையில் விற்கும் வெள்ளைப் பசையைப் புத்தகத்தின் பக்கமே நான் கொண்டுபோக மாட்டேன். மைதாவைக் காய்ச்சி, துளி மயில்துத்தம் சேர்த்த பசைதான். அதைத் தீக்குச்சியால் ஒவ்வொரு ஏட்டுக்கும் நடுவில் தடவி, இரண்டு பக்கமும் பட்டர் பேப்பர் வைத்து, சூடில்லாத இஸ்திரிப் பெட்டியை மேலே ஏற்றி இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் எடுத்துப் பார்த்தால் மூலை அப்படி நேராக நிற்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். இந்த மறுபதிப்பின் அட்டையில் ‘கிரே’ என்று எவ்வளவு பெரிய எழுத்து பாருங்கள். முதுகிலும் கிரே. கார்ட்டர் எங்கே? இதில் 363 படங்கள் இருக்கின்றன. மாணவர்கள் இந்தப் புத்தகத்தைத் தேடி வாங்கியதே பெரும்பாலும் அந்தப் படங்களுக்காகத்தான் என்பேன். ஹென்றி வாண்டைக் கார்ட்டர் என்ற இளம் டாக்டர் வரைந்த படங்கள் அவை. அவருடைய அப்பா ஓவியர். அந்தக் கை மகனுக்கும் வந்திருக்கிறது.

லண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் ஹென்றி கிரேயும் இவரும் சேர்ந்துதான் உடல்களை அறுத்துப் பார்த்தார்கள். வேலையைத் தொடங்கியபோது இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. கிரே எழுதினார், கார்ட்டர் வரைந்தார். அதுவும் காகிதத்தில் இல்லை, நேரே மரக்கட்டையில். அச்சில் நேராக விழ வேண்டுமே, அதனால் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வரைய வேண்டும். செதுக்குபவர்கள் அந்தக் கோடுகளை விட்டுவிட்டு மற்றதைக் குடைந்து எடுப்பார்கள்.

இப்போது இந்தக் கைப் படத்தைப் பாருங்கள். தசையின் பெயர் தசையின் மேலேயே ஓடுகிறது. நரம்பின் பெயர் நரம்போடு சேர்ந்து வளைகிறது. அதுவரை பல புத்தகங்களில் படத்தில் சின்னச் சின்ன எழுத்தோ எண்ணோ போட்டிருப்பார்கள், கீழே அல்லது பக்கத்துப் பக்கத்தில் தேட வேண்டும். கண் அங்கேயும் இங்கேயும் அலையும். கார்ட்டர் அந்த அலைச்சலையே ஒழித்துவிட்டார். பளபளக்கும் தாளில் ரத்தச் சிவப்பும் நீலமுமாகப் போடுகிறார்களே, அந்தக் கம்ப்யூட்டர் படங்கள் எனக்குப் பிடிக்காது என்று எத்தனையோ வீடியோவில் சொல்லியிருக்கிறேன். ஏன் என்பதற்கு இந்த ஒரு கை போதும். கறுப்பு மை, வெறும் கோடு, அவ்வளவுதான்.

கூலி எவ்வளவு தெரியுமா? கார்ட்டருக்கு மொத்தமாக ஒரே தடவை 150 பவுண்டு. கிரேக்கு ஒவ்வொரு ஆயிரம் பிரதிக்கும் 150 பவுண்டு. அதைவிடக் கொடுமை, முதல் பக்கத்தின் அச்சுப் படி இன்னும் இருக்கிறது. அதில் கார்ட்டருக்குப் புதிதாகக் கிடைத்த பேராசிரியர் பதவியைக் கிரே அடித்திருக்கிறார், பெயரைச் சின்ன எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறார். அப்படியும் அந்தப் பக்கத்தில் ‘அறுவைகள் ஆசிரியரும் டாக்டர் கார்ட்டரும் சேர்ந்து செய்தவை’ என்று ஒரு வரி தப்பிப் பிழைத்திருக்கிறது. இதோ, விரல் வைத்திருக்கிறேன் பாருங்கள்.

ஆ, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: இது முதல் தடவை இல்லை. 1853-இல் மண்ணீரல் பற்றிய கட்டுரைக்காகக் கிரே ஒரு பெரிய பரிசு வாங்கினார், 300 கினி (பவுண்டைவிடக் கொஞ்சம் கூடுதலான பழைய ஆங்கிலேயப் பணக் கணக்கு). அதற்கும் படம் வரைந்தது கார்ட்டர்தான். அங்கேயும் அவர் பெயர் இல்லை. இப்போது புரிகிறதா எனக்கு ஏன் இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று?

உடற்கூறு நூல்களின் சரித்திரத்தில் இது பழைய நோய். 1543-இல் பாசல் நகரில் அச்சான வெசாலியஸின் பெரிய நூலை இங்கே காட்டியிருக்கிறேன், ஞாபகம் இருக்கும். தோலுரித்த மனிதர்கள் இத்தாலியக் குன்றுகளுக்கு முன்னால் நிற்பார்களே, அதுதான். அவற்றை வரைந்த கை யாருடையது என்று வெசாலியஸ் அந்த நூலில் சொல்லவே இல்லை. வெனிஸ் ஓவியர் டிஷியனின் பட்டறையோடு சேர்த்துச் சொல்லப்படும் கால்கார் என்பவரா, வேறு யாராவதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். 1774-இல் வில்லியம் ஹண்டர் கருப்பை நூலைக் கொண்டுவந்தபோது, முன்னுரையில் செதுக்கிய ஒருவருக்குப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். பெரும்பாலான படங்களை வரைந்த யான் வான் ரிம்ஸ்டைக் பெயர் அந்த முன்னுரையில் வரவில்லை. படங்களைப் பார்த்தால் நமக்கு மூச்சு நின்றுவிடும், அவருக்கு ஒரு வரி இல்லை.

இவர்களுக்கு நடுவில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் வாண்டெலார். நெதர்லாந்தின் லைடன் நகரில் அல்பினஸ் என்ற உடற்கூறு பேராசிரியருக்காக எலும்புக்கூடு வரைந்தவர். 1747-இல் வந்த அந்த நூலில், எலும்புக்கூட்டுக்குப் பின்னால் ஒரு காண்டாமிருகம் புல் மேய்ந்துகொண்டிருக்கும்! கிளாரா என்று பெயர், இந்தியாவிலிருந்து கப்பலில் போனது. அறிவியல் நூலில் இதெல்லாம் எதற்கு என்று அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். எனக்கோ அதுதான் வேண்டும். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

கார்ட்டருக்குத் திரும்பி வருகிறேன். புத்தகம் வெளிவந்த 1858-இல் அவர் லண்டனிலேயே இல்லை. பம்பாய் போய்விட்டார், கிரான்ட் மருத்துவக் கல்லூரிக்கு. கிரே அடித்துவிட்ட பதவி அதுதான்! மூன்றே வருடத்தில், 1861-இல், கிரே பெரியம்மை கண்டு 34 வயதில் இறந்துவிட்டார். கார்ட்டர் 1888 வரை இந்தியாவில் இருந்து தொழுநோய், காய்ச்சல் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். நமக்கு ரொம்ப நெருக்கமான ஒன்று இருக்கிறது. மதுரையின் பெயரால் ‘மதுரா கால்’ என்று ஒரு நோய். வெறுங்காலில் வயலில் நடக்கிறவர்களுக்கு முள் குத்திய இடம் வழியாகக் கிருமி புகுந்து, பாதம் வீங்கிப் புண் வைக்கும். மதுரையில் 1842-இலேயே கில் என்ற டாக்டர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். பூஞ்சையால் வருகிறது என்று காட்டி, ‘மைசெட்டோமா’ என்று பெயர் வைத்தவர் நம் கார்ட்டர்தான். 1874-இல் தனி நூலே போட்டார், படங்களும் உண்டு. அந்த நூலின் ஆசிரியர் அவர் ஒருவர்தான்.

அந்த 1874 நூலின் அசல் பிரதியைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். மறுபதிப்பு வேண்டாம், அந்தப் படங்களை அந்தக் காலத்துத் தாளில் பார்க்க வேண்டும். பழைய மருத்துவக் கல்லூரி நூலகங்களில் வேலை பார்க்கிறவர்கள், படிக்கிறவர்கள், முக்கியமாக மதுரைக்காரர்கள், அலமாரியில் எங்கேயாவது கண்ணில் பட்டால் கீழே எழுதுங்கள். நானே கிளம்பி வருகிறேன். யாரும் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.